ஒத்துக்கொண்டால் போதுமா?
பாராமகாலில் தொடங்கி இன்றுவரை வரும் ஒரு சட்டத்தின் கதை

மலர்க் குழுவிலிருந்து நண்பர் போன் செய்தார். "இந்தத் தடவை நீயும் ஒரு கட்டுரை தரணும். ஆனா சி.என்.சி. மெஷின் பத்தி மட்டும் வேண்டாம்ப்பா, அதுக்கு ஏற்கெனவே நாலு பேர் வரிசையில நிக்கிறாங்க" என்றார். சரி, வரலாறு எழுதுகிறேன் என்றேன்.

"என்ன வரலாறு? திப்பு சுல்தானா?"

"திப்புவும் வருவார். ஆனா நான் எழுதப் போறது குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தோட வரலாறு."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "என்னப்பா, ஏதாவது கேஸா?" என்று கேட்டார், பாவம்.

கேஸ் ஒன்றும் இல்லை நண்பர்களே. ஆனால் மெக்கானிக்கல் படித்த ஒருவன் சாட்சியச் சட்டத்தைத் தேடிப் பிடித்துப் படிக்க ஒரு காரணம் வேண்டுமல்லவா? அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கடிதமும் என் கையெழுத்தும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் இன்ஜினீயராக இருந்தேன். ஒரு நாள் டூல் ஸ்டோரில் 12 கார்பைடு டிரில்கள் கணக்கில் குறைந்தன. கார்பைடு டிரில் பார்ப்பதற்குப் பென்சில் மாதிரிதான் இருக்கும், விலைதான் பென்சில் விலை இல்லை. தேய்ந்து போனதைக்கூடப் பழைய இரும்புக் கடையில் நல்ல காசுக்கு வாங்கிக்கொள்வார்கள். முந்தைய இரவு ஸ்டோர் பக்கம் போய்வந்தவன் ஒரு கான்ட்ராக்ட் பையன். தளிப் பக்கத்துக் கிராமம். வீட்டில் பேசுவது கன்னடம், பத்தாவது வரை படித்ததும் கன்னட மீடியம். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுதப் படிக்க வராது.

செக்யூரிட்டி அறையில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்துக் கேட்டோம். யாரும் அடிக்கவில்லை. செல்போனை மட்டும் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார்கள். "எழுதிக் குடுத்துட்டா இப்பவே வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா ஸ்டேஷன்தான். அங்க கேக்கற விதமே வேற" என்றார் ஒருவர். "நான் எடுக்கல சார்" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். அதற்குப் பிறகு "சரி சார்" என்றான். எங்கே விற்றாய் என்று கேட்டதற்கு, ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கடையைச் சொன்னான். கடிதத்தைத் தமிழில் எழுதியவர் செக்யூரிட்டி சூப்பர்வைசர். பையன் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டான். 'சாட்சி' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்.

மறுநாள் அந்தக் கடைக்கு ஆள் போனது. கடைக்காரர் அப்படி யாரையும் தெரியாது என்றார். டிரில்லும் கிடைக்கவில்லை. "திருட்டுச் சாமானுக்கு பில்லா போட்டு வெச்சிருப்பான்?" என்று சிரித்தோம். கையில்தான் கடிதம் இருக்கிறதே! பையனைக் கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஸ்டாக் ஆடிட் வந்தது. அந்த 12 டிரில்களும் முனை தீட்டுவதற்காகப் பெங்களூர் பீன்யாவுக்கு அனுப்பப்பட்டிருந்தன. டெலிவரி சலான் வேறு பைலில் போய் உட்கார்ந்திருந்தது. பையனின் நம்பருக்குப் போட்டேன், ஸ்விட்ச் ஆப். கிராமத்துக்கே போனேன். வேலை தேடி எங்கேயோ போய்விட்டான் என்றார்கள். அவன் அப்பா என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

செய்யாததை அவன் ஏன் ஒத்துக்கொண்டான்? படித்தவர்கள் நாலு பேர் அதை ஏன் அப்படியே நம்பினோம்? இந்த இரண்டு கேள்விகளோடுதான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, இதே கேள்விகள் 170 ஆண்டுகளுக்கு முன்பே நம் சென்னை மாகாணத்தில் கேட்கப்பட்டவை. அதில் நம் கிருஷ்ணகிரிச் சீமைக்கும் ஒரு பங்கு உண்டு.

பாராமகாலில் நட்ட விதை

பள்ளியில் சிலப்பதிகாரம் படித்தபோது ஒரு விஷயத்தை நாம் கவனித்திருக்க மாட்டோம். கோவலனை யாருமே விசாரிக்கவில்லை. பொற்கொல்லன் சொன்னான், சிலம்பு கையில் இருந்தது, கதை முடிந்தது. கண்ணகி வந்து சிலம்பை உடைத்து, உள்ளே இருந்த மாணிக்கத்தைக் காட்டிய பிறகுதான் உண்மை தெரிந்தது. அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் பாண்டிய மன்னன் ஒருவன்தான். அதுவும் பொருள் சாட்சி கண்முன் வந்த பிறகு! முதலில் பொருள், பிறகு ஒப்புதல். இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் ஆபத்து வருகிறது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனியிடம் கொடுக்க நேர்ந்தது. பாராமகால் என்றால் இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் வட்டாரம். ஓசூர்ப் பகுதி 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு சேர்ந்தது. முதல் நிர்வாகி கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக வந்த இளைஞர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. இவர்கள் இங்கே பரிசோதித்துப் பார்த்த முறைதான் ரயத்துவாரி. நடுவில் ஜமீன்தார் இல்லாமல் ஒவ்வொரு விவசாயியும் சர்க்காருக்கு நேராக வரி கட்டுவது.

காகிதத்தில் நல்ல திட்டம்தான். நடைமுறையில் என்ன ஆயிற்று? ஆயிரக்கணக்கான விவசாயிகளிடம் தனித்தனியாக வசூலிக்க வேண்டும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் கிஸ்தி வந்தாக வேண்டும். மேலேயிருந்து கலெக்டர் தாசில்தாரை நெருக்குவார், தாசில்தார் கீழே இருப்பவரை நெருக்குவார். போதாததற்கு 1816-ல் மன்றோவின் யோசனைப்படி போலீஸ் அதிகாரமும் கலெக்டர், தாசில்தார் கைக்கே வந்தது. வரி வசூலிப்பவரும் அவரே, திருடனைப் பிடிப்பவரும் அவரே. நம் தொழில் பாஷையில் சொன்னால், புரொடக்‌ஷன் மேனேஜரையே குவாலிட்டி இன்ஸ்பெக்டராகவும் போட்ட மாதிரி. ரிப்போர்ட் எல்லாம் சுத்தமாகத்தான் வரும்!

கிட்டியும் அண்ணாந்தாளும்

1852-ல் சென்னையில் சுதேசிகள் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார். 'கிரசண்ட்' என்ற பத்திரிகையை நடத்தியவர். 1853-ல் டான்பி சீமர் என்ற பிரிட்டிஷ் பார்லிமென்ட் உறுப்பினர் சென்னை வந்தபோது, அவரைக் கிராமப்புறங்களுக்கு அழைத்துப்போய் மக்கள் படும் பாட்டை நேரில் காட்டினார். சீமர் லண்டன் திரும்பி 1854-ல் காமன்ஸ் சபையில் பிரச்சினையைக் கிளப்பினார். விளைவு, சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன். எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூவர் உறுப்பினர்கள். 1855-ல் அறிக்கை கொடுத்தார்கள்.

சில மாதங்களுக்குள் வந்த புகார்கள் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கடிதம் போட்டவர்கள் ஒருபக்கம். கால்நடையாகவே வெகுதூரம் நடந்து சென்னைக்கு வந்து சொன்னவர்கள் இன்னொரு பக்கம். ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலம் அது!

ஆங்கிலத்தில் எழுதிய அந்த அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி. இரண்டு கட்டைகளுக்கு நடுவே கையை, விரலை வைத்து நெருக்குவது. நாம் வொர்க்‌ஷாப்பில் ஜாபை வைஸில் வைத்து இறுக்குகிறோமே, அதே தத்துவம். இன்னொன்று அண்ணாந்தாள். மாடு ஓடாமலிருக்க அதன் தலையையும் காலையும் சேர்த்துக் கட்டுவதற்கு நம் விவசாயிகள் வைத்த பெயர். அதே மாதிரி மனிதனைக் குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது. கண்ணில் மிளகாய்ப்பொடி, முதுகில் கல் என்று பட்டியல் நீள்கிறது.

இந்தக் கருவிகள் இரண்டு காரியத்துக்குப் பயன்பட்டன என்று கமிஷன் கண்டது. ஒன்று வரி வசூல். மற்றொன்று குற்றவாளி என்று சந்தேகப்பட்டவனிடம் ஒப்புதல் வாங்குவது. ஆள் ஒன்று, அறை ஒன்று, கருவியும் ஒன்று. பணம் வேண்டுமென்றால் பணம் வரும், 'ஆமாம்' வேண்டுமென்றால் 'ஆமாம்' வரும்.

கமிஷன் நேர்மையாகப் பல உண்மைகளைச் சொன்னாலும் ஒரு காரியம் செய்தது. பழியை எல்லாம் கீழ்மட்ட இந்தியச் சிப்பந்திகள் மேல் போட்டுவிட்டு வெள்ளைக்கார அதிகாரிகளைத் தப்பவிட்டது. 1857-ல் இந்த அறிக்கையை வைத்தே நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகையில் ஒருவர் காரசாரமாக எழுதினார். அவர் பெயர் கார்ல் மார்க்ஸ். கிட்டி நியூயார்க் வரை போன கதை இதுதான்.

போலீஸிடம் சொன்னது செல்லாது

அறிக்கைக்குப் பிறகு 1859-ல் சென்னை மாகாணத்தில் தனிப் போலீஸ் படை சட்டப்படி அமைக்கப்பட்டது. வரி வேலையும் போலீஸ் வேலையும் பிரிந்தன. 1861-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மூன்று பிரிவுகள் சேர்ந்தன. போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் சொன்ன குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராகச் சாட்சியமாக்கக் கூடாது என்பது முதல் பிரிவு. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும், மாஜிஸ்திரேட் நேரில் இல்லையென்றால் செல்லாது என்பது இரண்டாவது. மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சென்னை அறிக்கை இதற்கு ஒரே காரணம் அல்ல, வங்காளத்திலும் இதே புகார் இருந்தது. ஆனால் முக்கியமான காரணங்களில் ஒன்று.

1872-ல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இந்தியச் சாட்சியச் சட்டத்தை எழுதியபோது இவை 25, 26, 27 என்று எண் பெற்றன. மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதல் செல்லாது என்பது 24. இந்தியாவில் போலீஸ்காரர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று ஸ்டீபன் ஒருமுறை விசாரித்தாராம். வெயிலில் அலைந்து தடயம் தேடுவதைவிட நிழலில் உட்கார்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாய் தேய்ப்பது சுலபமாயிற்றே என்று அனுபவமுள்ள ஒருவர் சொன்னதை அவரே பதிந்து வைத்திருக்கிறார். இந்த ஒரு காரணத்தை எங்கள் செக்யூரிட்டி அறையில் பொருத்திப் பார்த்தேன். நாங்களும் நிழலில்தான் உட்கார்ந்திருந்தோம். நாலு பைலைப் புரட்டி டெலிவரி சலானைத் தேட எங்களுக்குச் சோம்பல்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் இப்படியொரு முழுத் தடை கிடையாது. அங்கே போலீஸிடம் சொன்னதும், தானாகச் சொன்னது என்று நிரூபித்தால் செல்லும். ஆக இந்திய போலீஸ்காரனை நம்ப முடியாது என்ற வெள்ளைக்கார மனோபாவமும் இந்தப் பிரிவுகளுக்குள் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த அவமானம் எதற்கு என்று போலீஸ் அதிகாரிகள் கேட்டதுண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்களில் பலர் தாங்களே ஜெயிலையும் லாக்கப்பையும் பார்த்தவர்கள். குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 20-வது விதியில் எழுதி வைத்தார்கள். பழைய பிரிவுகளையும் யாரும் எடுக்கவில்லை.

அப்படியானால் ஒப்புதலே கூடாதா? கூடும். மாஜிஸ்திரேட்டிடம் தரலாம். அவர் முதலில், "நீ ஒப்புதல் தரவேண்டிய கட்டாயம் இல்லை, தந்தால் உனக்கு எதிராகவே பயன்படலாம்" என்று எச்சரிக்க வேண்டும். யோசிக்க அவகாசம் தரவேண்டும், வழக்கமாக ஒருநாளாவது. பேச மனமில்லை என்றால் அந்த ஆளைத் திரும்பப் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. முடிந்தவரை அவர் பேசும் மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் கடிதத்தை இதோடு ஒப்பிடுங்கள். எச்சரிக்கைக்குப் பதில் மிரட்டல், அவகாசத்துக்குப் பதில் நிற்க வைத்தது, அவன் மொழிக்குப் பதில் எங்கள் மொழி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் ஒலிக்கும் ஊர் நம்முடையது. இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துவிட்டன. இங்கே மொழி என்பது சின்ன விஷயமே இல்லை.

கத்தி கிடைத்தால் மட்டும்

மூன்றாவது பிரிவுக்கு வருவோம். 27-வது பிரிவு ஒரு சின்னக் கதவு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருளோ உண்மையோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும்.

எவ்வளவு பகுதி? இதைத் தீர்த்து வைத்த வழக்கும் அன்றைய சென்னை மாகாணத்தில், குண்டூர் ஜில்லாவில் பிறந்ததுதான். புலுகூரி கோட்டய்யா வழக்கு. 1946 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அதில் வரும் உதாரணத்தை என் பாணியில் சொல்கிறேன். ஒருவன், "அவனைக் குத்திய கத்தியை என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" என்கிறான். கத்தியும் கிடைக்கிறது. 'கூரையில் கத்தி இருப்பது இவனுக்குத் தெரியும்' என்பது வரை செல்லும். 'அவனைக் குத்திய' என்ற இரண்டு சொற்கள் செல்லாது. ஏனென்றால் கூரையைப் பிரித்துப் பார்த்ததில் கத்திதான் கிடைத்தது, குத்தியது கிடைக்கவில்லை. அதை அரசுத் தரப்பு வேறு சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும். எண்பது ஆண்டு நெருங்கியும் கோர்ட்டுகள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது.

இன்ஜினீயர்களுக்கு இது சட்டென்று புரியும். அளந்து பார்த்ததை மட்டும் ரிப்போர்ட்டில் எழுது, அளக்காததை எழுதாதே. எங்கள் பையன் சொன்ன கடையில் ஒன்றுமே கிடைக்கவில்லை. கோட்டய்யா தீர்ப்பின் கணக்குப்படி அவன் சொன்னதில் செல்லக்கூடிய பகுதி பூஜ்யம். அந்த நிமிஷமே நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும்.

இந்தக் கதவுக்கும் ஒரு கெட்ட பக்கம் உண்டு. பொருள் கிடைத்தால் வாக்குமூலத்தில் பாதி செல்லும் என்றால், பொருளைக் 'கிடைக்க வைக்க' ஆசை வரும். எங்கே வைத்தாய், எங்கே வைத்தாய் என்று அடி விழும். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோவில் காவலாளி அஜித்குமார் இறந்தது நினைவிருக்கும். நகை காணாமல்போன புகாரில் விசாரணைக்குக் கொண்டுபோன ஆள். பிரேதப் பரிசோதனையில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள். போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. 1855-ன் அறிக்கையைப் படித்துவிட்டு இந்தச் செய்தியைப் படித்தால் நடுவில் ஓடிய 170 வருஷம் எங்கே போனது என்று தோன்றுகிறது.

எழுதாமல் விட்ட ஒரு வரி

இத்தனை கட்டுப்பாட்டையும் ஒதுக்கி வைத்த சட்டங்களும் வந்தன. 1987-ன் தடா சட்டம், எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் செல்லும் என்றது. 1991-ல் ராஜீவ் காந்தி படுகொலை. தடா சட்டமே 1995-ல் காலாவதியானாலும் வழக்கு அதன்படியே நடந்தது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நாலு பேருக்குத் தூக்கும் மூவருக்கு ஆயுளும் உறுதியாயின. இது தடா குற்றமே ஆகாது என்று கோர்ட் சொன்னது. ஆனால் தடாப்படி வாங்கிய வாக்குமூலங்களைச் சாட்சியமாக ஏற்றது.

அந்த நால்வரில் ஒருவர் நம் பக்கத்து ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா முடித்தவர். கைதானபோது வயது 19. குண்டுக்குப் பயன்பட்ட 9 வோல்ட் பேட்டரி வாங்கித் தந்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் ஓய்வு பெற்ற பிறகு, 2013-ல் ஒரு விஷயத்தை வெளியே சொன்னார். பேட்டரி எதற்காக என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதாகவும், அதைத் தான் எழுதாமல் விட்டதாகவும்!

தூக்கு 2014-ல் ஆயுளாகி, 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த விடுதலைக்கு அடிப்படை ஆளுநர் தரப்பில் ஏற்பட்ட தாமதம், வாக்குமூலம் பொய் என்று கோர்ட் சொல்லவில்லை. அந்த வழக்கில் உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். பேசியவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர், நடுவில் ஒரு வரி விழுந்துவிட்டது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் வாக்குமூலத்தின் அர்த்தமே மாறியிருக்கும். கன்னடப் பையனுக்காகத் தமிழில் எழுதிய கடிதத்தில் எத்தனை வரி விழுந்ததோ, யார் கண்டது? "நான் எடுக்கல சார்" என்று பத்துத் தடவை சொன்னது அதில் ஒரு தடவைகூட இல்லை. அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

தடா போய் 2002-ல் பொடா வந்தது, அதுவும் 2004-ல் போனது. ஆனால் எல்லை ஊர்க்காரர்களான நாம் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. கர்நாடகத்தில் 2000-ல் கொண்டுவந்த திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தின் வழக்குகளில் எஸ்.பி. நிலை அதிகாரி பதிவு செய்யும் ஒப்புதல் செல்லும். தமிழ்நாட்டில் அப்படியொரு மாநிலச் சட்டம் இல்லை. அத்திப்பள்ளியைத் தாண்டும்போது சாலைப் பலகையின் எழுத்து மட்டும் மாறுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

மெஷின் உண்மை சொல்லுமா?

அடிக்க வேண்டாம், மிரட்ட வேண்டாம், மருந்து கொடுத்தோ மெஷின் மாட்டியோ உண்மையை வரவழைத்தால் என்ன? இந்த யோசனைக்கு நாடறிந்த இடம் ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் வரும் மடிவாளாதான். அங்கே உள்ள பெங்களூர் தடயவியல் ஆய்வகத்துக்கு 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பல மாநிலங்களிலிருந்தும் ஆட்களை நார்கோ சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். மயக்க நிலையில் ஆட்கள் பேசியதை டி.வி.யிலும் போட்டார்கள். முத்திரைத்தாள் மோசடி தெல்கியின் பேச்சை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

2010 மே 5-ல் 'செல்வி எதிர் கர்நாடக மாநிலம்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒருவர் சம்மதம் இல்லாமல் நார்கோ, பொய் கண்டறியும் சோதனை, மூளை அலைச் சோதனை எதையும் செய்யக் கூடாது. சம்மதித்தாலும் அந்தச் சோதனை முடிவு மட்டும் சாட்சியம் ஆகாது, அதன் மூலம் பொருள் ஏதாவது கிடைத்தால் பழைய 27-வது பிரிவின் அளவுக்குத்தான் செல்லும். ஒருவிதத்தில் கிட்டிக்குச் சொன்ன பதிலையே கருவிக்கும் சொன்னது கோர்ட். ஊசியாக இருந்தால் என்ன, கட்டையாக இருந்தால் என்ன, மனசை வெளியிலிருந்து நெருக்கிப் பிழிவது ஒன்றுதான்.

இது நம் நாட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் டிமொதி எவன்ஸ் என்பவர் மனைவியையும் குழந்தையையும் கொன்றதாகப் போலீஸில் ஒப்புக்கொண்டார். 1950-ல் தூக்கிலிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து அதே வீட்டில் குடியிருந்த கிறிஸ்டி என்பவன் தொடர் கொலைகாரன் என்று தெரிந்தது. 1966-ல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார்கள், செத்தவருக்கு! அதே 1966-ல் அமெரிக்காவில் மிராண்டா தீர்ப்பு வந்தது. பேசாமலிருக்கும் உரிமையும் வக்கீல் உரிமையும் உண்டு என்று போலீஸ் முதலிலேயே சொல்ல வேண்டும் என்றது. பிறகு டி.என்.ஏ. சோதனை வந்து, செய்யாத குற்றத்துக்காக ஜெயிலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தபோது, அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தவறாக ஒப்புதல் கொடுத்தவர்கள் என்று தெரிந்தது. படித்தவனும் கொடுக்கிறான், படிக்காதவனும் கொடுக்கிறான். 'இப்போதைக்கு இந்த அறையை விட்டு வெளியே போனால் போதும், உண்மை தானாக வெளியே வரும்' என்ற நினைப்புதான் காரணம். எங்கள் பையனும் அப்படித்தான் நினைத்திருப்பான். உண்மை வெளியே வரத்தான் செய்தது, இரண்டு மாதம் தாமதமாக.

இன்றைய நிலை

2003-ல் நீதியரசர் மாலிமத் கமிட்டி, எஸ்.பி. முன் தரும் ஒப்புதலைப் பதிவுக் கருவிகளோடு ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது. அரசு அதைச் சட்டமாக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் 1872-ன் சட்டம் போய் பாரதிய சாட்சிய அதிநியம் வந்திருக்கிறது. எண்கள் மாறிவிட்டன, 25, 26, 27 மூன்றும் இப்போது 23-வது பிரிவுக்குள் இருக்கின்றன. சாரம் மாறவில்லை. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் இன்றும் செல்லாது.

கூடவே வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் எனக்குப் பிடித்தவை இரண்டு. சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரவேண்டும், இதை மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் கொண்டுவர வேண்டும். சரியாக நடந்தால் இதுதான் நல்ல வழி. தடயம் எடுக்க ஆளும் கருவியும் தராமல், கேஸை மட்டும் முடி என்று போலீஸ்காரரை நெருக்கினால் அவர் வேறு யாரையாவது நெருக்குவார். கலெக்டர் தாசில்தாரை நெருக்கிய அதே கதைதான்.

தம்பி தங்கைகளுக்கு

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களில் பலர் நாளைக்குச் சிப்காட்டில் ஏதாவது ஒரு கேட்டுக்குள் நுழைந்து, ஒரு வருஷத்திலேயே முப்பது நாற்பது பேருக்கு மேல் உட்காருவீர்கள். ஒருநாள் உங்களையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு, 'சாட்சி' என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அப்போது நாலு கேள்வி கேளுங்கள். பொருள் உண்மையிலேயே காணாமல் போயிருக்கிறதா, ஸ்டாக்கும் சலானும் பார்த்தாயிற்றா? இந்தக் கடிதத்தை எழுதியது யார், எழுதிய மொழி கையெழுத்துப் போடுகிறவனுக்குப் படிக்கத் தெரியுமா? கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவனிடம் யார் என்ன சொன்னார்கள்? அவன் சொன்னதில் எதையாவது சரிபார்த்தோமா, பார்த்ததில் என்ன கிடைத்தது? ஒன்றுக்குப் பதில் சரியில்லை என்றாலும் பேனாவை மூடி வையுங்கள்.

மெஷின் நின்றால் 'ஆபரேட்டர் தவறு' என்று எழுதி முடிக்காதே, ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேள் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மெஷினுக்குக் கொடுக்கும் அந்தப் பொறுமையை மனிதனுக்கும் கொடுக்கலாம்.

ஆடிட் முடிந்ததும் நான் எழுதிக் கொடுத்து, அந்தக் கடிதத்தைப் பையனின் பைலிலிருந்து எடுக்க வைத்தேன். ஆனால் எடுத்துவிட்டோம் என்று சொல்ல அவனை இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்றாவது இந்த மலர் யார் கையாவது மாறி அவன் கண்ணில் பட்டால், யாராவது அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அன்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் தன் தவறை ஒத்துக்கொள்கிறான். யாரும் நிற்க வைக்கவில்லை, மிரட்டவில்லை, தானாகவே.

வாழ்க நம் கல்லூரி!